தேயிலை விலை குறைந்தபோது பாஸ்டன் ஏன் கொதித்தது? அமெரிக்க வரி எதிர்ப்பு: ஓர் எளிய விளக்கம்

பள்ளிப் பாடத்திலும் போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் இந்த விஷயம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. "இங்கிலாந்து தேயிலைக்கு அதிக வரி போட்டது, கோபமடைந்த அமெரிக்கர்கள் 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்." கொட்டியது உண்மை. அதிக வரி என்பது தவறு. 1773-இல் வந்த தேயிலைச் சட்டம் அமெரிக்காவில் தேயிலை வரியைச் சல்லிக்காசு ஏற்றவில்லை. சட்டப்படி விற்கும் தேயிலையின் விலை அந்தச் சட்டத்தால் குறையவே இருந்தது.

விலை குறையப்போகிற பொருளை யாராவது கடலில் கொட்டுவார்களா? கொட்டினார்கள். அதற்கு அவர்களிடம் தெளிவான காரணமும் இருந்தது. அந்தக் காரணம் தெரியாததால்தான் இன்றும் வரி பற்றிய எந்த விவாதத்திலும் பாஸ்டனை இழுத்து, "வரி கட்டப் பிடிக்காதவர்கள் செய்த புரட்சி" என்று பேசிவிட்டுப் போகிறோம். அவர்கள் வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றைய இங்கிலாந்துக்காரரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகவே கட்டினார்கள். சண்டை தொகையைப் பற்றியது என்று நினைக்கும்வரை இந்த வரலாறு பிடிபடாது.

ஊர் வரியிலிருந்து தொடங்குவோம்

ஓர் ஊரில் அம்மன் கோயில் திருவிழா வருகிறது. ஊர்க்கூட்டம் போடுகிறார்கள். செலவைக் கணக்குப் பார்த்து, தலைக்கட்டுக்கு 500 ரூபாய் என்று முடிவாகிறது. பூசாரி சம்பளம், பந்தல், மேளம், காவல் எல்லாம் அந்தப் பணத்தில்தான். திருவிழா முடிந்ததும் கணக்கு வாசிப்பார்கள். "பந்தலுக்கு எதுக்குய்யா இவ்வளவு?" என்று எவரும் எழுந்து கேட்கலாம். பூசாரி ஒழுங்காக நடை திறக்காவிட்டால், "அடுத்த வருஷச் சம்பளத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஊர் சொல்லலாம்.

இப்போது அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட, சென்னையில் வாழும் பெரிய மனிதர் ஒருவர் சொல்லி அனுப்புகிறார்: "இனி வரியை நானே போடுகிறேன். 100 ரூபாய் போதும். என் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். பூசாரிக்கும் காவல்காரருக்கும் இனி நானே சம்பளம் கொடுத்துவிடுகிறேன்."

வீட்டுக்கு 400 ரூபாய் மிச்சம். ஆனாலும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் விவரமானவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். நாளைக்கு அவர் 100-ஐ 1,000 ஆக்கினால் எங்கே போய்க் கேட்பது? சம்பளம் சென்னையிலிருந்து வந்தால் பூசாரி யார் பேச்சைக் கேட்பார்? ஒருமுறை 100 ரூபாயைக் கொடுத்துவிட்டால், "வரி போட எனக்கு உரிமை உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்களே" என்று அவர் சொல்ல மாட்டாரா?

இந்த மூன்று கேள்விகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1764 முதல் 1775 வரை அமெரிக்காவில் நடந்த சண்டை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

பணம் யார் கையில் இருந்தது?

முதலில் 'காலனி'. தாய்நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்கள் வாழும், தாய்நாட்டு அரசருக்குக் கட்டுப்பட்ட நிலப்பகுதி என்று இந்தக் கட்டுரைக்குப் பொருள் கொள்வோம். நம் நாட்டில் காலனி ஆட்சி என்றதும் மனதில் எழும் படம் இங்கே பொருந்தாது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த 13 காலனிகளில் வாழ்ந்த வெள்ளையரில் பலர் தங்களை இங்கிலாந்துக்காரர்களாகவே நினைத்தார்கள். இங்கிலாந்தில் ஒருவருக்கு உள்ள உரிமை கடல் தாண்டியதால் தொலைந்துவிடாது என்று நம்பினார்கள். அந்த உரிமைகளில் முதன்மையானது, தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களின் சம்மதம் இல்லாமல் தங்கள் பணத்தை அரசர் எடுக்கக்கூடாது என்பது. இதை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தே தன் அரசர்களோடு ரத்தம் சிந்திப் பெற்றதுதான்.

ஒவ்வொரு காலனியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சட்டசபை இருந்தது. வர்ஜீனியாவில் அது 1619-இலேயே கூடிவிட்டது. உள்ளூர் வரியைப் போட்டது அந்தச் சபைதான். பெரும்பாலான காலனிகளில் ஆளுநரை நியமித்தது லண்டன். ஆனால் அவருடைய சம்பளம் பல இடங்களில் அந்தச் சபையின் கையில் இருந்தது. இதைத்தான் நிதிக் கட்டுப்பாடு என்கிறோம்: அதிகாரத்தில் இருப்பவரின் செலவுப் பணம் மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதலோடுதான் வரவேண்டும் என்ற ஏற்பாடு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பாஸ்டன் நகரம் இருந்த மாசசூசெட்ஸ் காலனிக்கு 1728-இல் ஆளுநராக வந்த வில்லியம் பர்னெட், தனக்கு நிரந்தரச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும் என்று சபையிடம் கேட்டார். லண்டனும் அதையே வற்புறுத்தியது. சபை மறுத்தது. ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் பார்த்துக் கொடுப்போம், அவ்வளவுதான் என்றது. இழுபறி நீண்டது, அது தீராமலே 1729-இல் பர்னெட் இறந்துபோனார். பின்னால் வந்த ஆளுநர் ஆண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டார். அரசரின் ஆளாக வந்தவர்கூட உள்ளூர்ச் சபையின் முகத்தைப் பார்த்து நடக்க வேண்டியிருந்ததற்கு இந்தப் பிடிதான் காரணம். காலனி மக்கள் இழக்க அஞ்சியதும் இதைத்தான்.

போர் முடிந்தது, கடன் நின்றது

1763-இல் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் பிரான்ஸைத் தோற்கடித்துக் கனடாவைப் பிடித்தது. வெற்றி பெரிது; கடனும் பெரிது. பிரிட்டனின் தேசியக் கடன் அந்தப் போரில் ஏறக்குறைய இரு மடங்கானது. அதோடு அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்திவைக்கவும் முடிவு செய்தார்கள். பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கேட்டது நியாயமாகத்தான் தோன்றும்: உங்கள் எல்லையைக் காக்கத்தானே படை, செலவில் ஒரு பங்கை நீங்கள் கொடுத்தால் என்ன?

இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: லண்டன் தரப்பில் கொடுங்கோலர்கள் உட்கார்ந்து சதி செய்யவில்லை. பிரிட்டனில் வாழ்ந்தவர்கள் மீது வரிச்சுமை கடுமையாக இருந்தது. ஆப்பிள் மதுவுக்கு வரி போட்டதற்கே அங்கு கலவரம் நடந்தது.

கிரென்வில் முதலில் கை வைத்தது கரும்புப் பாகில். ரம் காய்ச்சுவதற்காகப் பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து காலனிகள் இறக்குமதி செய்த பாகுக்கு 1733 முதல் கேலனுக்கு 6 பென்ஸ் வரி இருந்தது. யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை. சுங்க அதிகாரிக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுச் சரக்கை இறக்கினார்கள். 1764-இன் சர்க்கரைச் சட்டம் அதை 3 பென்ஸாகக் குறைத்தது. ஆனால் இம்முறை உண்மையிலேயே வசூலிக்கப் போகிறோம் என்றது. கடத்தல் வழக்குகளை ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுக்கும் நடுவர் குழு) இல்லாத நீதிமன்றத்தில் விசாரிக்க வழி செய்தது. உள்ளூர் ஜூரி உள்ளூர்க்காரரை விட்டுவிடும் என்று லண்டனுக்குத் தெரியும்.

பாருங்கள், இங்கேயும் வரி பாதியாகக் குறைந்தது, எதிர்ப்பு கூடியது. பழைய வரி பிரெஞ்சுச் சரக்கைத் தடுக்கப் போட்டது; கஜானாவை நிரப்பப் போட்டதில்லை. ஒரு வணிகத்தைத் திசைதிருப்பப் போடும் வரிக்கு ஒழுங்குமுறை வரி என்று பெயர். பணம் திரட்டவே போடுவது வருவாய் வரி. பேரரசின் வணிகத்தை லண்டன் ஒழுங்குபடுத்துவதைக் காலனிகள் முணுமுணுத்துக்கொண்டே சகித்தன. தங்களிடமிருந்து நேராகப் பணம் திரட்ட லண்டன் முனைந்தபோதுதான் காதைத் தீட்டிக்கொண்டன.

முத்திரைச் சட்டம்: எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிய வரி

1765 மார்ச்சில் நிறைவேறிய முத்திரைச் சட்டம் கரும்புப் பாகு போல வணிகர்களோடு நின்றுவிடவில்லை. வீடு நிலம் வாங்கும்போது முத்திரைத்தாளில் எழுதுகிறோமே, அந்த வகை வரிதான். நிலப் பத்திரம், உயில், வழக்கு மனு, கப்பல் சரக்கு ஆவணம், செய்தித்தாள், பஞ்சாங்கம், கல்லூரிப் பட்டம், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை எல்லாம் முத்திரையிட்டதாக இருக்கவேண்டும். சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்டு. வரியைப் பிரிட்டிஷ் நாணய மதிப்பில் கட்ட வேண்டும். காலனிகளில் அந்தக் காசுக்கு எப்போதும் தட்டுப்பாடு.

இங்கிலாந்தில் இதே வரி 1694 முதல் இருந்தது. ஆகவே லண்டனுக்கு இது சர்வ சாதாரணம். ஆனால் யாரைப் பகைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் யோசிக்கவில்லை. வழக்கறிஞர், அச்சுக்கூடம் நடத்துபவர், வணிகர், மதுக்கடைக்காரர் என ஊரில் அதிகம் பேசுகிறவர்கள், எழுதுகிறவர்கள், கூட்டம் கூடும் இடத்தை வைத்திருப்பவர்கள் அத்தனை பேர் மீதும் ஒரே நாளில் வரி.

1765 ஆகஸ்ட் 14 அன்று காலை பாஸ்டனில் ஒரு பெரிய எல்ம் மரத்தில் கொடும்பாவி ஒன்று தொங்கியது. முத்திரைத்தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவம் அது. மாலையில் கூட்டம் அதை ஊர்வலமாகத் தூக்கிப்போய் எரித்தது. ஆலிவர் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டுக்குள் புகுந்த கும்பல் சுவர், கதவு, கூரை வரை பிய்த்துப் போட்டது. அந்த வன்முறையை வீரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. எதிர்ப்பின் தலைவர்கள் பலரும் அன்றே அதைக் கண்டித்தார்கள்.

மிரட்டல் காலனி காலனியாகப் பரவியது. சட்டம் நடைமுறைக்கு வரவேண்டிய நவம்பர் 1-க்குள் கிட்டத்தட்ட எல்லா விநியோகஸ்தர்களும் விலகிவிட்டார்கள். தாளை விற்க ஆள் இல்லாவிட்டால் சட்டம் இருந்து என்ன பயன்? அக்டோபரில் 9 காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி மனு எழுதினார்கள். வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கை வாங்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் புறக்கணிப்பு இங்கிலாந்தின் உற்பத்தியாளர்களைக் கடித்தது. அவர்களே நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது.

இதுவரை பார்த்தது: காலனிகள் தங்கள் சபைகளுக்கு வரி கட்டிவந்தன. அந்தச் சபைகள் அதிகாரிகளின் சம்பளத்தைப் பிடியில் வைத்திருந்தன. போர்க் கடனால் லண்டன் நேரடி வருவாய் வரி போட்டது. எதிர்ப்பால் அதைத் திரும்பப் பெற்றது.

"உங்களுக்கும் சேர்த்துத்தான் நாங்கள் பேசுகிறோம்"

பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கம் இந்தக் காலத்தில்தான் ஊரெங்கும் ஒலித்தது. இதற்கு லண்டன் சொன்ன பதில் பாடப்புத்தகங்களில் வருவதில்லை. அது தெரியாமல் முழக்கத்தின் கனமும் தெரியாது.

கிரென்விலின் தரப்பு இப்படி வாதாடியது: மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற பெரிய ஊர்களுக்கே நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் கிடையாது. இங்கிலாந்திலேயே பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. ஆனாலும் அவர்கள் வரி கட்டுகிறார்கள். ஒவ்வோர் உறுப்பினரும் தன் தொகுதிக்கு மட்டும் உரியவர் இல்லை. பேரரசின் குடிமக்கள் எல்லாருக்காகவும் அமர்ந்திருக்கிறார். இந்த வாதத்தை நாம் மறைமுகப் பிரதிநிதித்துவம் என்று குறிப்போம்: நீங்கள் வாக்களிக்காவிட்டாலும் உங்கள் நலனை அங்கே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்ற கொள்கை.

மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி இதற்குச் சரியான இடத்தில் அடி கொடுத்தார். மான்செஸ்டர்காரருக்கு வாக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் மேல் போடும் வரி பக்கத்து ஊரில் வாக்குள்ளவர் மேலும் விழுகிறது, வரி போட்ட உறுப்பினர் மேலும் விழுகிறது. சுமை பொதுவாக இருப்பதால் அங்கே ஒரு காப்பு இருக்கிறது. அமெரிக்காவுக்கு மட்டும் போடும் வரியில் அது இல்லை. அமெரிக்கர் தலையில் ஒரு பவுண்டு ஏற்றினால் இங்கிலாந்துக்காரர் தலையில் ஒரு பவுண்டு குறையும். அப்படியிருக்க, உங்கள் நலனை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பதை எப்படி நம்புவது? இந்த முழு விவாதத்திலும் என்னைக் கவர்ந்த வாதம் இதுதான். உரிமை, சுதந்திரம் என்று குரல் உயர்த்தாமல், யாருடைய பணப்பை யாருடைய முடிவால் காலியாகிறது என்று கேட்கிறது.

"சரி, நாடாளுமன்றத்தில் சில இடங்கள் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்குமே" என்று பலர் கேட்பார்கள். காலனிகளே அதை விரும்பவில்லை. நியூயார்க் கூட்டத்தின் தீர்மானமே, எங்கள் நிலைமையில் எங்களுக்கு அங்கே பிரதிநிதித்துவம் இருப்பது சாத்தியமில்லை என்றது. அட்லாண்டிக்கைக் கடக்க ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். அங்கே போகும் சிலரும் ஓட்டெடுப்பில் எப்போதும் தோற்பார்கள். ஆனால் "உங்களுக்குத்தான் பிரதிநிதி இருக்கிறாரே" என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். அவர்கள் கேட்டது லண்டனில் நாற்காலி இல்லை. வரி போடும் வேலை தங்கள் ஊர்ச் சபையிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

முத்திரைச் சட்டத்தை ரத்து செய்த அன்றே நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற தனக்கு முழு அதிகாரம் உண்டு என்று அறிவிக்கும் சட்டம். பணத்தை விட்டுக்கொடுத்தார்கள், உரிமையை விடவில்லை. ரத்தான மகிழ்ச்சியில் காலனிகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

டவுன்ஷெண்ட் வரிகள்: பணம் எங்கே போனது என்று பாருங்கள்

1767-இல் நிதியமைச்சர் சார்ல்ஸ் டவுன்ஷெண்ட் வேறு வழி பிடித்தார். கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகிய இறக்குமதிகளுக்குத் துறைமுகத்திலேயே சுங்கம். தேயிலைக்கு எடையில் ஒரு பவுண்டுக்கு 3 பென்ஸ். நாட்டுக்குள் வசூலிக்கும் வரியைத்தானே எதிர்த்தார்கள், சுங்கத்தைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டார்.

தொகை சிறிதுதான். ஆனால் சட்டத்தின் முகவுரையைப் படித்தவர்கள் அதிர்ந்தார்கள். இந்த வருவாயிலிருந்து காலனிகளின் நீதி நிர்வாகத்துக்கும் அரசு நடத்துவதற்கும் செலவு செய்யப்படும் என்று அதில் எழுதியிருந்தது. அதாவது ஆளுநருக்கும் நீதிபதிக்கும் இனி லண்டனே சம்பளம் தரலாம். பூசாரியின் சம்பளம் சென்னையிலிருந்து வரப்போகிறது. பர்னெட் காலத்தில் சபை விடாமல் காப்பாற்றிய பிடி, மக்கள் கட்டும் சுங்கத்தைக் கொண்டே அறுக்கப்படப் போகிறது.

மீண்டும் புறக்கணிப்பு. இம்முறை பெண்களின் உழைப்பு இல்லாமல் அது நடந்திருக்காது. இங்கிலாந்துத் துணி வேண்டாம் என்றால் வீட்டில் நூற்று நெய்யத்தான் வேண்டும். பாஸ்டனைச் சுற்றிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்து ஊர்களில் பெண்கள் கூட்டமாக ராட்டையோடு பாதிரியார் வீட்டில் கூடி நாள் முழுக்க நூற்றார்கள். தேயிலைக்குப் பதில் உள்ளூர் இலைகளைக் காய்ச்சிக் குடித்தார்கள்.

பாஸ்டனில் பதற்றம் கூடியதால் 1768 அக்டோபரில் படை இறங்கியது. 1770 மார்ச் 5 இரவு படைவீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே நாளில் லண்டனில் புதிய பிரதமர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் வரிகளை ரத்து செய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். செய்தி கடல் கடக்கும் முன்பே துப்பாக்கி முந்திக்கொண்டது. ஒன்றைத் தவிர எல்லா வரிகளும் போயின. விட்டுவைத்தது தேயிலை வரியை மட்டும். அதை வைத்துக்கொள்வதா என்று அமைச்சரவை அதற்கு முந்தைய ஆண்டு பேசியபோது, ஒரே ஓட்டு வித்தியாசத்தில்தான் வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. வரி போடும் உரிமையின் அடையாளமாக ஒன்றாவது இருக்கட்டும் என்ற எண்ணம்.

இரண்டு மூன்று ஆண்டுகள் ஓரளவு அமைதி. ஆனால் 1772-இல், மாசசூசெட்ஸ் ஆளுநரின் சம்பளத்தையும் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளத்தையும் சுங்க வருவாயிலிருந்து தரப்போவதாகத் தெரியவந்தது. பாஸ்டன் எதிர்ப்பின் தலைவர்களில் ஒருவரான சாமுவேல் ஆடம்ஸும் நண்பர்களும் பாஸ்டனில் கடிதத் தொடர்புக் குழு அமைத்து ஊர் ஊராக எழுதத் தொடங்கியது இந்தச் செய்திக்குப் பிறகுதான். தேயிலைக் கப்பல் வருவதற்கு ஓராண்டு முன்பு.

கிழக்கிந்தியக் கம்பெனி வருகிறது

இங்கேதான் நம் பக்கத்துக் கதை அமெரிக்கக் கதையோடு முட்டுகிறது. தேயிலை வணிகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். சீனத் தேயிலையைப் பிரிட்டனுக்குக் கொண்டுவரும் உரிமை அதற்கு மட்டுமே. (பாஸ்டனில் கொட்டியது இந்தியத் தேயிலை என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுக்கச் சீனாவிலிருந்து வந்தது. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டம் வந்தது 19-ஆம் நூற்றாண்டில்.)

அந்தக் கம்பெனி அப்போது கவிழும் நிலையில் இருந்தது. 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வரை வந்து, சென்னையில் இருந்த கம்பெனி அதிகாரிகளை உடன்படிக்கைக்கு இழுத்தது. தெற்கே நிலைமை மோசம் என்ற செய்தி லண்டனை எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. வங்காளத்தில் 1770-இன் கொடும் பஞ்சம். மக்கள் செத்து விழும்போதும் கம்பெனி நிலவரி வசூலித்தது. 1772-இல் ஐரோப்பாவில் கடன் நெருக்கடி வந்தபோது கம்பெனியால் தன் பாக்கிகளைக் கட்ட முடியவில்லை. லண்டன் கிடங்குகளில் 7,000 டன்னுக்கு மேல் தேயிலை விற்காமல் கிடந்தது. அமெரிக்கர்கள் பெருமளவு குடித்தது டச்சுக்காரரிடமிருந்து கடத்திவந்த மலிவுத் தேயிலை.

நாடாளுமன்றம் கம்பெனிக்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. கூடவே 1773 மே மாதம் தேயிலைச் சட்டம். பிரிட்டனில் கட்டிய சுங்கம் கம்பெனிக்குத் திரும்பக் கிடைக்கும். லண்டன் ஏலம், இடைத்தரகர் எதுவும் இல்லாமல் தன் முகவர்கள் வழியாக நேராக அமெரிக்காவில் விற்கலாம். கடத்தல் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு விலை இறங்கும். ஆனால் அமெரிக்காவில் வசூலிக்கும் அந்த 3 பென்ஸ் மட்டும் அப்படியே இருக்கும்.

எதிர்க்கட்சியின் வில்லியம் டவ்டஸ்வெல் அவையிலேயே நார்த்தை எச்சரித்தார்: வரியை எடுக்காவிட்டால் அவர்கள் தேயிலையை எடுக்க மாட்டார்கள். நார்த் மறுத்தார். 3 பென்ஸை விட்டால் ஆளுநர், நீதிபதி சம்பளத்துக்கு எங்கே போவது?

பாஸ்டன்காரர்களின் கண்ணில் இது தேன் தடவிய தூண்டில். மலிவு என்று வாங்கினால் 3 பென்ஸும் சேர்ந்து போகும். வரி போடும் உரிமையை நாமே ஒப்புக்கொண்டதாகும். அந்தக் காசு நம் சபையின் கையைக் கட்டும் சம்பளமாகும். உள்ளூர் வணிகர்களுக்கு இன்னொரு பயமும் இருந்தது. இன்று தேயிலைக்கு ஏகபோகம் கொடுத்தால் நாளை எதற்கெல்லாம் கொடுப்பார்கள்? வங்காளத்தைப் பட்டினி போட்ட கம்பெனி இப்போது நம் கரைக்கு வருகிறது என்று அன்றைய அமெரிக்கத் துண்டறிக்கைகள் எச்சரித்தன. கடத்தல்காரர்களின் சுயநலமும் இதில் கலந்திருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவுக்குக் கொண்டுவர அது மட்டும் போதாது.

இருபது நாள் கெடு

நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் வந்த தேயிலைக் கப்பல்கள் சரக்கை இறக்காமலே திரும்பிப் போயின. சார்லஸ்டனில் இறக்கிக் கிடங்கில் பூட்டிவைத்தார்கள். பாஸ்டனில் மட்டும் முட்டுச்சந்து. காரணம், இப்போது ஆளுநராகிவிட்ட ஹட்சின்சன். அவருடைய இரண்டு மகன்கள் தேயிலையைப் பெறவிருந்த முகவர்கள். எட்டு ஆண்டு முன்பு வீட்டை இழந்தவர். இம்முறை இறங்கிப்போவதில்லை என்று இருந்தார்.

'டார்ட்மவுத்' கப்பல் 1773 நவம்பர் 28 அன்று வந்தது. வந்த 20 நாளுக்குள் சுங்கம் கட்டாவிட்டால் அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். பறித்ததை விற்றால் வரியும் வசூலாகிவிடும். டிசம்பர் 16 நள்ளிரவோடு கெடு முடிகிறது. அன்று ஓல்டு சவுத் தேவாலயத்தில் சுமார் 5,000 பேர் குவிந்தார்கள். கப்பல் உரிமையாளர் பிரான்சிஸ் ராட்ச், பாவம், நடுவில் மாட்டிக்கொண்டவர். சரக்கை இறக்கினால் ஊர் விடாது, இறக்காமல் கிளம்பினால் கோட்டைப் பீரங்கி விடாது. ஊர் சொன்னபடி மில்டனில் இருந்த ஆளுநரின் வீட்டுக்குப் போய்த் திரும்பிச் செல்ல அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. அவர் திரும்பிவந்து அதைச் சொன்னபோது இருட்டிவிட்டது.

சற்று நேரத்தில் மோஹாக் பழங்குடியினர் போல முகத்தில் கரி பூசி, போர்வை போர்த்த ஆட்கள் கிரிஃபின் துறைக்குப் போனார்கள். மூன்று கப்பல்கள், 342 பெட்டிகள். பெட்டியைக் கோடரியால் பிளந்து தேயிலையைத் தண்ணீரில் கொட்டினார்கள். அப்போது கடல் வற்றிய நேரம். தேயிலை மிதந்து போகாமல் கப்பலோரம் வைக்கோல் போர் போலக் குவிந்தது. அதைத் தள்ளிவிடவே ஆள் வேண்டியிருந்தது. ஒருவர் கோட்டுக்குள் தேயிலையை நிரப்பிக்கொண்டு நழுவப் பார்த்தார். பிடித்துக் கோட்டைக் கிழித்து விரட்டினார்கள். தேயிலையைத் தவிர வேறு சரக்கைத் தொடவில்லை. மூன்று மணி நேரத்தில் 42 டன் போயிற்று. கம்பெனிக்கு நஷ்டம் 9,659 பவுண்டு.

இரண்டாவது சுருக்கம்: வரித்தொகை குறைந்துகொண்டே வந்தது. விலையும் இறங்கவிருந்தது. ஆனால் அந்த வரியின் நோக்கம் ஆளுநரையும் நீதிபதிகளையும் சபையின் பிடியிலிருந்து விடுவிப்பதாக இருந்தது. பாஸ்டன் எதிர்த்தது அதை.

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. தேயிலை கொட்டி இரண்டு மாதத்தில், 1774 பிப்ரவரியில், மாசசூசெட்ஸ் சபை தன் நீதிபதிகளைக் கேட்டது: லண்டன் தரும் சம்பளத்தை வாங்குவீர்களா? நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் மட்டும் வாங்குவேன் என்றார். அவர் மீது சபை குற்றச்சாட்டுத் தீர்மானம் கொண்டுவந்தது. அவர் தலைமையில் ஜூரியாக உட்கார மக்கள் மறுத்தார்கள்.

பிறகு நடந்தது

லண்டன் தண்டனைச் சட்டங்களால் பதில் சொன்னது. தேயிலைக்கு ஈடு கட்டும்வரை பாஸ்டன் துறைமுகம் மூடல், மாசசூசெட்ஸ் ஆட்சி அமைப்பில் மாற்றம், ஊர்க்கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு. ஓர் ஊரின் தண்டனை 13 காலனிகளின் பயமாகியது. 1774 செப்டம்பரில் 12 காலனிகள் பிலடெல்பியாவில் கூடின. 1775 ஏப்ரல் 19 அன்று பாஸ்டன் அருகே லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, போர் தொடங்கியது.

1778-இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றி, வட அமெரிக்கக் காலனிகளுக்கு இனி வருவாய் வரி போடுவதில்லை என்று அறிவித்தது. 1765-இல் கேட்டது முழுமையாகக் கிடைத்தது. அதற்குள் சுதந்திரப் பிரகடனம் செய்து கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பிரான்ஸும் போரில் இறங்க ஒப்பந்தம் போட்டுவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த உரிமை யாருக்கு இல்லை

இதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் பொய்யாகிவிடும். 13 காலனிகளின் மக்களில் ஐந்தில் ஒருவர் அடிமை. சம்மதம் இல்லாமல் தன் பணத்தை எடுப்பதே அடிமைத்தனம் என்று எழுதிய பலர் வீட்டில் மனிதர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். நூல் நூற்றுப் புறக்கணிப்பைத் தாங்கிய பெண்களுக்கு வாக்கு இல்லை. சொத்தில்லாத ஆண்கள் பலருக்கும் இல்லை. பழங்குடியினரின் வேஷம் போட்டவர்கள், அவர்கள் நிலத்துக்குள் குடியேறுவதை லண்டன் 1763-இல் தடுத்ததையும் ஒரு குறையாகவே சொன்னார்கள். இன்றும் அந்நாட்டின் தலைநகரான வாஷிங்டனில் வாழ்பவர்கள் மத்திய வருமான வரி கட்டுகிறார்கள். அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் உறுப்பினர் கிடையாது. பிரதிநிதித்துவம் இல்லாத வரி பற்றிய அந்தப் பழைய வாசகத்தைத் தங்கள் கார்களின் எண் பலகையில் அச்சிட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

சுதந்திர நாட்டில் வரி

சுதந்திரம் வந்ததும் வரி போய்விட்டதா? இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு 1791-இல் விஸ்கிக்கு வரி போட்டது. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதி விவசாயிகளுக்கு விஸ்கிதான் காசு. தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோக முடியாததால் காய்ச்சி விற்றார்கள். அவர்கள் முத்திரைச் சட்டக் காலத்துப் பாணியில் வரி வசூலிப்பவர்களைத் தாக்கி விரட்டினார்கள். 1794-இல் ஜார்ஜ் வாஷிங்டன் சுமார் 13,000 வீரர்களைத் திரட்டி, சில நாள் தானே கூடச் சென்று, அதை அடக்கினார். நீங்களே தேர்ந்தெடுத்த சபை போட்ட வரி இது, எதிர்த்துப் பேசுங்கள், வாக்கில் காட்டுங்கள், ஆளை அடிக்காதீர்கள் என்பது அரசின் நிலை. 1800 தேர்தலில் அந்த வரியை எதிர்த்த ஜெஃபர்சனின் கட்சி வென்றது. 1802-இல் விஸ்கி வரி ரத்தானது.